ஆர்டர் குறைந்த மாதங்களில் புதுமை எங்கிருந்து வரும்? திருப்பூர் பின்னலாடைத் தொழிலை வைத்து ஒரு விளக்கம்

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. அதே மாதம் 27ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் சேர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்து, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பிவந்த ஊர் திருப்பூர். அடி விழுந்த வாரத்திலிருந்தே எல்லா மேடைகளிலும் ஒரே அறிவுரை: புதிய சந்தை தேடுங்கள், புதிய பொருள் செய்யுங்கள், புதுமையாக யோசியுங்கள்.

சனிக்கிழமை சம்பளத்துக்கே பணம் புரட்டிக்கொண்டிருக்கும் பனியன் கம்பெனிக்காரருக்கு இது புண்ணில் உப்பு வைத்ததுபோல் இருக்கும். அறிவுரை தவறில்லை. ஆனால் மந்த காலத்தில் எந்த வகைப் புதுமை கைகூடும், எது கையைச் சுடும், அதற்கான பணமும் ஆளும் நேரமும் எங்கிருந்து வரும் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அடி விழுந்த இடம்

4 டாலருக்கு ஏற்றுமதியாகும் பருத்தி டி-சர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருத்திப் பின்னல் டி-சர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான இறக்குமதி வரி 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். 2025 ஆகஸ்டில் அதன் மேல் 50 சதவீதம் சேர்ந்தபோது இன்னொரு 2 டாலர். மொத்தம் 2 டாலர் 66 சென்ட். அதே சமயத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அப்போது அங்கிருந்து வந்த அதே 4 டாலர் சட்டைக்கு மொத்த வரி 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட்.

வரியைச் சுங்கத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் அவர் முதலில் திரும்பிப் பார்ப்பது விற்றவரைத்தான்: "பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்." பின்னலாடையில் அவ்வளவு லாபம் கிடையாது. ஆகவே ஒன்று ஆர்டர் போகும், அல்லது லாபம் போகும்.

இந்த அடி ஏற்றுமதியாளரோடு நிற்பதில்லை. நூல் மில்லில் வாங்கிய நூல், கூலிக்கு வேலை செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் நிட்டிங் ஆகிறது, சாயப்பட்டறையில் நிறம் ஏறுகிறது, இன்னொரு இடத்தில் துணி பிறகு சுருங்காமல் இருக்க அதை முன்கூட்டியே அமுக்கும் காம்பாக்டிங், வேறொரு இடத்தில் பிரிண்டிங், எம்பிராய்டரி. பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு சட்டை ஏழெட்டு முதலாளிகளின் கைமாறி வருகிறது. மேலே ஒரு ஆர்டர் நின்றால் கீழே ஏழெட்டு இடங்களில் மெஷின் நிற்கும். மேலே பில் பணம் 30 நாள் தாமதமானால், கடைசியில் இருக்கும், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுக்கு அது 90 நாளாகப் போய்ச் சேரும்.

மந்தத்தில் எது மலிவு, எது அரிது

ஆர்டர் நிறைந்த காலத்தில் புதுமைக்கு ஆகும் பெரிய செலவு மெஷின் நேரம். ஓடிக்கொண்டிருக்கும் லைனை நிறுத்திச் சாம்பிள் தைத்தால் அன்றைய ஷிப்மென்ட் தள்ளிப்போகும். அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டருக்கும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. மந்தத்தில் இது தலைகீழாகிறது.

40 தையல் மெஷின் உள்ள ஒரு யூனிட், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 8,320 மெஷின் மணி நேரம் கைவசம் இருக்கிறது. ஆர்டர் 60 சதவீதத்துக்கு இறங்கினால் 3,328 மணி நேரம் சும்மா கிடக்கும். வாடகை, வங்கித் தவணை, மின் இணைப்பின் நிலைக்கட்டணம் மூன்றும் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகும். இதில் நான்கு மெஷினை 20 நாள் சோதனைக்கு ஒதுக்கினால் 640 மணி நேரம். வேறு வேலை இல்லாததால் அதன் உண்மைச் செலவு கூலியும் நூலும் துணியும்தான்.

அரிதாவது ரொக்கம். பொருளாதார ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் விஷயம் இது: கையில் பணம் இருக்கும் நிறுவனங்கள் மந்தத்தில் ஆராய்ச்சியை விடாமல் தொடர்கின்றன. கடனை நம்பி நிற்கும் நிறுவனங்கள் முதலில் வெட்டுவதே அதைத்தான். ஜவுளியிலேயே பெரிய உதாரணம் உண்டு. நைலான் 1935இல், அமெரிக்கப் பெருமந்தத்தின் நடுவில், டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்தது. ஆய்வகத்தைத் திறந்து வைக்கும் வசதி அந்த நிறுவனத்துக்கு இருந்தது. திருப்பூரின் 40 மெஷின் யூனிட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் "மந்தத்தில்தான் பெரிய கண்டுபிடிப்புகள் பிறந்தன" என்ற மேடை வாக்கியத்தை அப்படியே வாங்கி வந்து இங்கே நட முடியாது.

இங்கே பொருந்தும் அளவுகோல் இதுதான்: நேரத்தை நிறையத் தின்று, ரொக்கத்தைக் குறைவாகத் தின்று, பலனா தோல்வியா என்ற பதிலை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சொல்லிவிடும் முயற்சி. புது மெஷினுக்குக் கடன் வாங்கித் தொடங்கும் எதுவும் முதல் சுற்றில் சேராது.

முதல் படி: ஏற்கெனவே கைவிட்டுப் போகும் பணம்

புதுமை என்றதும் புதுப் பொருளை மட்டுமே நினைக்கிறோம். அதே சட்டையை மலிவாகச் செய்யும் வழிதான் முதலில் தேட வேண்டியது. அதற்கு வாடிக்கையாளரின் சம்மதம்கூட வேண்டாம்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 100 சதுர செ.மீ. அளவுக்கு வட்டமாக வெட்டும் ரவுண்ட் கட்டரை துணியில் வைத்து அழுத்தித் திருப்பி, வந்த வட்டத்தைத் தராசில் போட வேண்டும். 1.60 கிராம் என்றால் 160 ஜி.எஸ்.எம். ஆர்டர் 160 கேட்கிறது, தராசு 1.68 காட்டுகிறது என்று வையுங்கள். "கொஞ்சம் கெட்டியாகத்தானே இருக்கிறது, பையர் ஒன்றும் சொல்லமாட்டார்" என்று விட்டுவிடுவார்கள். 10,000 சட்டைக்கு, ஒன்றுக்கு 200 கிராம் வீதம் 2,000 கிலோ துணி போதும் என்ற இடத்தில் இப்போது 2,100 கிலோ போகிறது. சாயமேற்றிய துணி கிலோ 450 ரூபாய் என்று வைத்தாலும், ஒரே ஆர்டரில் 45,000 ரூபாயைப் பெட்டியில் வைத்து இலவசமாக அனுப்பியிருக்கிறோம்.

ஏன் கூடுகிறது? பெரும்பாலும் மூன்று காரணம்.

1. நிட்டிங்கில் லூப் லெங்த், அதாவது ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம், குறைவாக வைத்தது. லூப் சிறியதானால் துணி நெருங்கும், எடை ஏறும். ஒரு மெஷினில் சரியாக இருப்பது பக்கத்து மெஷினில் மாறியிருக்கும்.

2. காம்பாக்டிங்கில் துணியை அளவுக்கு மேல் அமுக்கி உள்ளே தள்ளியது. சுருக்கம் வரக்கூடாது என்ற பயத்தில் இது நடக்கும்.

3. அளந்த நேரம் தவறு. காம்பாக்டிங்கிலிருந்து சூடாக வந்த துணியில் ஈரப்பதம் குறைவு, எடையும் குறைவு. சில மணி நேரம் விரித்துப்போட்டுக் காற்றின் ஈரம் ஏறிய பிறகே தராசு உண்மை பேசும்.

இதைத் திருத்தப் போய் எதிர்ப்பக்கம் விழுபவர்களும் உண்டு. ஜி.எஸ்.எம்.மைக் குறைக்கிறேன் என்று துணியை அகலத்தில் இழுத்தால் தராசில் அழகாக 160 வரும். பிறகு 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்து உலர்த்தி அளந்தால் 46தான் இருக்கும், 8 சதவீதச் சுருக்கம். பல பையர்கள் ஏற்கும் எல்லை 5 சதவீதம், அதாவது 47.5 செ.மீ. ஆகவே எடைச் சோதனையும் துவைப்புச் சோதனையும் ஒரே துண்டில், ஒரே நாளில், ஒரே நோட்டில் எழுதப்பட வேண்டும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் செய்தால் ஒருவர் திருத்தியதை இன்னொருவர் கெடுப்பார்.

மார்க்கரும் இதே வகைதான். துணி மேல் பாகங்களை அடுக்கும் வரைபடத்தில் 82 சதவீதம் பயனாவதை 84 ஆக்கினால், மிச்சமாகும் துணி நேராக லாபத்தில் சேரும். ஆர்டர் அழுத்தம் இருக்கும்போது கட்டிங் மாஸ்டர் பழைய மார்க்கரையே போட்டு வெட்டிவிடுவார். காலியான நாட்களில் அளவுகளைக் கலந்து அடுக்கிப் பார்க்கலாம். முதலீடு பூஜ்யம்.

இரண்டாவது படி: அதே மெஷினில் வேறு வேலை

மந்தத்தில் பையர்கள் சரக்கைத் தேக்கி வைக்க அஞ்சுகிறார்கள். 20,000 பீஸ் ஒரே நிறம் என்பதற்குப் பதிலாக, நான்கு நிறத்தில் 500 வீதம், நன்றாக ஓடினால் மூன்று வாரத்தில் மறுபடி வேண்டும் என்பார்கள். இப்படிச் சின்ன லாட்டை நஷ்டமில்லாமல் செய்யக் கற்றுக்கொள்வதே ஒரு புதுமை. தடை தையலில் இல்லை, சாயத்தில் இருக்கிறது. மொத்தச் சாயம் 250, 500 கிலோ மெஷின்களில் ஓடும். சின்ன லாட்டை அதில் போட்டால் தண்ணீர், உப்பு, நீராவி எல்லாம் வீணாகும்.

பட்டறைகளில் 10, 25, 50 கிலோ சாம்பிள் மெஷின்கள் உண்டு. சீசனில் அவற்றைக் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். மந்தத்தில் அவையும் காலி. இங்கே பேரம் பேச வேண்டியது கூலியைக் குறைப்பதற்கு அல்ல, வரிசைக்கு: வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்தால் நடுவில் மெஷின் கழுவும் நேரமும் தண்ணீரும் மிச்சம். நான்கு சிறு கம்பெனிகள் சேர்ந்து ஒரே நாளில் வெளிர் மஞ்சள், ஆகாய நீலம், பாசிப் பச்சை, கறுப்பு என்ற ஒழுங்கில் தங்கள் லாட்டுகளைக் கொடுத்தால் பட்டறைக்கும் கட்டும். போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

மூன்றாவது படி: இழையை மாற்றுவது

உலக ஜவுளி நுகர்வில் செயற்கை இழைதான் பெரும்பங்கு. திருப்பூர் பெரும்பாலும் பருத்தி ஊர். ஆகவே "பாலியெஸ்டருக்கு மாறு" என்பது நியாயமான யோசனை. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கான ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமாகவும், செயற்கை நூலுக்கு 12இலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. பல ஆண்டுகளாக உள்ளீட்டுக்கு அதிக வரி கட்டி, திருப்பித் தரும் பணத்துக்குக் காத்திருந்த சிறு யூனிட்டுகளின் ரொக்கச் சிக்கல் இதனால் கணிசமாகத் தளர்ந்தது. இது உண்மையான உதவி.

ஆனால் மாற்றம் நூலை மாற்றுவதோடு முடிவதில்லை. வழியில் விழும் குழிகள்:

1. சாயம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், 60 டிகிரி அளவில், நிறைய உப்போடு. பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், 130 டிகிரியில், அழுத்தம் தாங்கும் மெஷினில். பருத்திப் பட்டறை மெஷின் எல்லாம் இதற்குச் சரிப்படாது.

2. இழுபடும் இழையான ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணியை, அகலத்தில் பிடித்துச் சூடாக்கும் ஸ்டெண்டர் மெஷினில் சுமார் 190 டிகிரியில் ஹீட் செட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அகலம் நிலைக்காது, வெட்டிய ஓரம் சுருளும்.

3. தையல். வேகமாக ஓடும் ஊசி சூடாகிப் பாலியெஸ்டரை உருக்கும், தையலோரம் பொடிப்பொடி ஓட்டை விழும். பருத்திக்குப் போட்ட ஊசியை மாற்றி மெல்லிய உருண்டை முனை ஊசி போட வேண்டும், மெஷின் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகம் குறைந்தால் பீஸ் ரேட்டில், அதாவது பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவரின் வருமானம் குறையும். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

4. பிரிண்டிங். பருத்தியில் பழகியவர்களை ஏமாற்றுவது இதுதான். சிவப்புப் பாலியெஸ்டர் துணியில் வெள்ளை எழுத்து அச்சடித்து 160 டிகிரியில் உலர்த்துகிறார்கள். மெஷினிலிருந்து வரும்போது பளிச்சென்று வெள்ளை. பெட்டியில் அடுக்கிச் சில நாள் கழித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு. சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மையின் உள்ளே ஏறியிருக்கும். சாயத்தைத் தடுக்கும் மை, குறைந்த சூட்டில் உலரும் மை, அடித்தளமாகச் சாம்பல் நிறத் தடுப்புப் பூச்சு என்று வழிகள் உண்டு. ஷிப்மென்ட் போன பிறகு தெரிந்தால் எந்த வழியும் இல்லை.

5. வரி. அமெரிக்காவில் பருத்தி டி-சர்ட்டுக்கு அடிப்படை வரி 16.5 சதவீதம் என்றேன். செயற்கை இழை டி-சர்ட்டுக்கு அது 32 சதவீதம். அமெரிக்க வரியிலிருந்து தப்பிக்கப் பாலியெஸ்டருக்கு மாறி, அதையும் அமெரிக்காவுக்கே அனுப்பினால் அடிப்படை வரியே ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே எந்த இழை என்பதும் எந்த நாடு என்பதும் ஒரே முடிவு. 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், நடைமுறைக்கு வந்ததும், ஆடைகளுக்கு வரியில்லா நுழைவைத் தரும். செயற்கை இழைச் சோதனையை அந்தச் சந்தையின் அளவு அட்டவணைக்கும் துவைப்புத் தரத்துக்கும் வைத்துச் செய்வதில் பொருள் இருக்கிறது.

பீஸ் ரேட் புதுமையைக் கொல்லும் விதம்

புது ஸ்டைல் வந்தால் முதல் மூன்று நாள் எந்த டெய்லருக்கும் கை ஓடாது. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அது நேரடிக் கூலி இழப்பு. முதலாளிக்குச் சோதனை, தொழிலாளிக்கு அபராதம். இதை மாற்றாமல் "யோசனை சொல்லுங்கள்" என்று பெட்டி வைத்துப் பயனில்லை.

செய்ய வேண்டியது எளிது. சோதனை லைனில் இருப்பவர்களுக்கு அந்த நாட்களில் பீஸ் ரேட் கிடையாது, ஷிப்ட் சம்பளம். அதுவும் அவர்களுடைய கடைசி மூன்று மாதச் சராசரிக்குக் குறையாமல். யாராவது சொன்ன வழியால் துணியோ நேரமோ மிச்சமானால், முதல் ஆர்டரில் மிச்சமான தொகையில் ஒரு பங்கு அவருக்கு, அதே மாதம், ரொக்கமாக. பங்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். மேலே சொன்ன 45,000 ரூபாய்க் கசிவை ஆடிட்டர் கண்டுபிடிக்கமாட்டார். துணியை விரித்து அடுக்குபவருக்குக் கையில் தெரியும். இதுவரை அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆளைத் தக்கவைப்பது இதைவிடப் பெரிய விஷயம். ஒன்றரை ஷிப்ட் வேலை நின்று எட்டு மணி நேரமாக, பிறகு வாரத்தில் நான்கு நாளாகக் குறைந்தால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள், தென்மாவட்டத்துக் குடும்பங்களும் கிளம்பும். அவர்களோடு கைப்பழக்கமும் கிளம்பிவிடுகிறது. ஆர்டர் திரும்பும்போது மெஷின் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது.

2009இல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீத அளவுக்குச் சுருங்கியது. வேலையின்மை அதிகம் ஏறவில்லை. குறுகிய நேர வேலைத் திட்டத்தில் நிறுவனம் ஆளை நீக்காமல் நேரத்தைக் குறைத்தது. இழந்த நிகரக் கூலியில் 60 சதவீதத்தை, பிள்ளைகள் உள்ளவருக்கு 67 சதவீதத்தை, அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் கொடுத்தது. அந்த நேரத்தில் பயிற்சி கொடுத்தால் முதலாளியின் சமூகக் காப்பீட்டுப் பங்கு முழுவதையும் திருப்பித் தந்தது. நிறுத்தப்பட்ட மணி நேரம் பயிற்சி நேரமானது. நமக்கு அப்படிப்பட்ட அமைப்பு இல்லை. ஒரு ஊரளவில், வாரம் ஒரு நாள் கூலியைப் பயிற்சிக் கூலியாகக் கொடுக்கும் பொது நிதி ஒன்றை அரசும் தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து அமைக்க முடியாதா என்பது நான் மனதாரக் கேட்கும் கேள்வி.

சோதனைக்குப் பணம்: ஒரு ஒழுங்கு

1. அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியாக வரவு, செலவு எழுதுங்கள். "வர வேண்டியது" வேண்டாம், எந்த வாரம் வரும் என்பதை எழுதுங்கள். சம்பளம், மின்சாரம், தவணை மூன்றும் முதல் வரிசையில்.

2. அதில் ஒரு மாத வாடகைக்கு மேற்படாத தொகையைச் சோதனைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். தீர்ந்தால் சோதனை நின்றுவிட வேண்டும்.

3. முதல் கட்டம்: இரண்டு வாரம், ஒரு ரோல் துணி, அதாவது 20 முதல் 25 கிலோ. துவைப்பு, நிறம் போதல், பில்லிங் (துணியின் மேல் பொடி உருண்டைகள் எழுவது) மூன்று சோதனையும் தேறாவிட்டால் அங்கேயே நிறுத்தம்.

4. இரண்டாம் கட்டம்: மூன்று வாரம், 100 பீஸ், எல்லா அளவிலும். இங்கே பார்க்க வேண்டியது அழகை அல்ல, ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை பீஸ் செக்கிங்கில் விழுகிறது என்பதை.

5. மூன்றாம் கட்டம்: காசு கொடுத்து வாங்கும் ஒருவர். இலவசச் சாம்பிளுக்கு "சூப்பர்" என்று சொல்பவர் கணக்கில் வரமாட்டார்.

வர வேண்டிய பணத்தை வரவைப்பதும் புதுமைக்கான முதலீடுதான். மத்திய அரசின் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றத்தின்படி, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை வாங்கியவர் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். சட்டம் வலுவாகத்தான் இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் அதைவிட வலுவாக இருக்கிறது. தனி யூனிட் புகார் கொடுக்கத் தயங்கும் இடத்தில், ஜாப் ஒர்க் சங்கம் மொத்தமாகக் கெடு முடிந்த பில்களின் பட்டியலை அனுப்பலாம்.

நெருக்கடி ஊரையே மாற்றிய ஒரு முறை: 2011

திருப்பூரில் கட்டாயத்தால் பிறந்த பெரிய புதுமை சாயக் கழிவுநீர் விஷயத்தில்தான். பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாயின. அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சவ்வூடு வடிகட்டி நல்ல நீரைப் பிரிக்கும் பகுதி ஓடியது. மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கும் பகுதி திட்டமிட்ட அளவுக்கு ஓடவில்லை. கழிவு தொடர்ந்தது. 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது.

ஊர் ஸ்தம்பித்தது. துணி வெளியூர்களுக்கு லாரியில் போய்ச் சாயமேறி வந்தது. அந்த மாதங்களில் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் புதுமைக்கு என்னென்ன சேர வேண்டும் என்று தெரியும்.

முதலில், தப்பிக்க வழியில்லாத கெடு. அடுத்து, தனி ஆளால் முடியாத செலவுக்குப் பொதுப் பணம்: தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மூன்றாவதாக, ஒரே நிலையத்தில் முதலில் செய்து பார்த்தது. அருள்புரம் பொது நிலையத்தில், எல்லா உப்புநீரையும் கொதிக்கவைத்து ஆவியாக்குவதற்குப் பதிலாக, நிறம் நீக்கிய உப்புநீரையே சாயத் தொட்டிக்குத் திருப்பினார்கள். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிது: பட்டறைக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில் வேண்டாத உப்பு மிஞ்சுகிறது. ஆவியாக்கும் எரிபொருள் குறைந்தது, வெளியில் வாங்கும் உப்பும் குறைந்தது. மற்ற நிலையங்கள் பார்த்துக் கற்றன. இன்று பட்டறைகளின் தண்ணீரில் பெரும்பகுதி சுற்றிச் சுற்றி மறுபடி பயனாகிறது. சுற்றுச்சூழல் தரம் கேட்கும் ஐரோப்பிய பையரிடம் இந்த ஊர் தைரியமாகக் காட்டும் சிறப்பும் அதுவே.

2020இல் நேர்மாறான அனுபவம். கொரோனா வந்து ஆடை ஆர்டர் நின்றதும் பலர் முகக்கவசத்துக்கும் பாதுகாப்பு உடைக்கும் மாறினார்கள். கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில் துணியும் தையலும் ரத்தம் ஊடுருவாச் சோதனை தேற வேண்டும். தையல் ஓட்டையில் ஊடுருவும் என்பதால் அதன் மேல் சூடான காற்றால் டேப் ஒட்டும் மெஷின் தேவைப்பட்டது. வேகமாகக் கற்றார்கள், பாராட்டத்தக்க வேகம். ஆனால் அந்தத் தேவை சில மாதத் தேவை. விலை சரிந்தபோது, கடனில் மெஷின் வாங்கியவர்களிடம் தவணை மட்டும் மிஞ்சியது. டேப் ஒட்டும் திறமையை மழைக்கோட்டு, வெளிப்புற விளையாட்டு உடை என்று நகர்த்தியவர்களுக்குத்தான் அந்த மெஷின் சொத்தானது.

வெளியிலிருந்து வர வேண்டியது

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையான பிணையில்லாக் கடனுக்கு முழு உத்தரவாதம் தரும் திட்டத்தை ஏற்றது. மூச்சுவிட இது உதவும். ஆனால் கடன் என்பது திருப்பித் தர வேண்டியது. பத்தில் ஏழு தோற்கக்கூடிய சோதனைக்கு யாரும் கடன் வாங்கமாட்டார்கள், வாங்கவும் கூடாது. சோதனைக்கு வேண்டியது சிறு மானியம், அதைவிட முக்கியமாகப் பொது வசதி: 130 டிகிரி தாங்கும் சிறு சாயமெஷின் ஒன்று, சிறு ஸ்டெண்டர் ஒன்று, துவைப்பு மற்றும் நிறச் சோதனைக்கூடம். மணிக்கணக்கில் வாடகைக்கு, ஏற்றுமதியாளருக்கு மட்டும் அல்லாமல் பவர் டேபிள் யூனிட்டுக்கும்.

நாட்காட்டியும் முக்கியம். மேற்கு நாடுகளின் கோடைக்கால ஆடை இங்கிருந்து பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் ஏறும். அதற்கு ஆர்டர் சில மாதம் முன்பே உறுதியாகும், சாம்பிள் அதற்கும் முன்பே பையர் மேசையில் இருக்க வேண்டும். ஆடி மாதம் மெஷின் காலியாக இருக்கும்போது தொடங்கும் சோதனைதான் அந்தச் சாம்பிளாக முடியும். மானிய விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் கழித்துப் பதில் வருமானால், அந்தப் பணம் கைக்கு வரும்போது சீசன் கப்பல் ஏறிப் போயிருக்கும். விண்ணப்பம் வந்த முப்பது நாளுக்குள் ஆம், இல்லை என்ற பதிலைச் சொல்லும் அதிகாரம் மாவட்டத் தொழில் மையத்திலேயே இருக்க வேண்டும்.